சிம் இல்லாத லினக்ஸ் கைக்கணினியில் குறுஞ்செய்தி: புளூடூத்தா, வைஃபையா?

பாக்கெட்லினக்ஸ்:
விசைப்பலகை உள்ள சின்ன லினக்ஸ் கைக்கணினி ஒன்றை நாள் முழுக்கக் கூடவே வைத்திருக்கிறேன். அதில் சிம் போட இடமில்லை. ஃபோன் சட்டைப் பையில் கிடக்கிறது. குறுஞ்செய்தி வந்தால் அதை வெளியே எடுத்து, பூட்டைத் திறந்து, கண்ணாடியில் கட்டைவிரலால் தட்டி, மறுபடி பையில் போட்டு, விட்ட இடத்தைத் தேடி வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கைக்குக் கீழேயே நல்ல விசைப்பலகை இருக்கும்போது இது எதற்கு? படிப்பதும் பதில் போடுவதும் கைக்கணினியிலேயே நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் புளூடூத் மட்டும் போதும் என்பது என் கட்சி. பழைய பட்டன் ஃபோனில் இதை வருடக்கணக்கில் செய்தவன் நான். ஃபோனை மோடமாகப் பாவித்து, காம்மு என்ற லினக்ஸ் நிரலிடம் எண்ணையும் வாசகத்தையும் கொடுத்தால் செய்தி போய்விடும். வைஃபை வழியாக ஃபோனையும் கணினியையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் போடுங்கள் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். ஒரு முழ தூரத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள நடுவில் ஒரு ரவுட்டர் எதற்கு என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கதிர்விசை:
சொல்கிறேன். உங்கள் வழி பட்டன் ஃபோனோடு முடிந்துவிட்டது. ஃபோன் தன்னை மோடமாகக் காட்டிக்கொள்ளும் புளூடூத் வசதி இருந்தால்தான் ஏடி கட்டளை, அதாவது மோடமுக்கு எழுத்தில் கொடுக்கும் கட்டளை, வேலை செய்யும். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பொதுவாக அந்தக் கதவைத் திறப்பதே இல்லை. ஹெட்செட்டுக்காக ஏடி கட்டளைகளைக் கொஞ்சம் பேசும், ஆனால் அது அழைப்பை எடுக்கவும் வைக்கவும்தான், குறுஞ்செய்திக்கு அதில் இடமில்லை. போதாததற்கு, அந்த மோடம் இணைப்பை உருவாக்க நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடிய ஆர்எஃப்காம் கருவியை லினக்ஸின் புளூடூத் தொகுப்பான புளூஸ் 2017லேயே கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல விநியோகங்களில் அது இயல்பாக வருவதுகூட இல்லை.

கேடிஇ கனெக்ட் 2013லிருந்து இருக்கிறது. ஃபோனில் ஒரு செயலி, கைக்கணினியில் ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), ஒருமுறை இணைத்தால் போதும். நடுவில் போகும் எல்லாமே டிஎல்எஸ் குறியாக்கத்தில். குறுஞ்செய்திக்கென்றே தனிச் சாளரம் உண்டு, பழைய உரையாடல்கள் வரிசையாகத் தெரியும். க்னோம் திரைச்சூழலில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்கனெக்ட் இருக்கிறது. ரவுட்டர் வேண்டாம் என்றால் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டிலேயே கைக்கணினியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது நடுவில் யாருமே கிடையாது.

பாக்கெட்லினக்ஸ்:
ஹாட்ஸ்பாட்டை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் ஃபோன் மாலை வரை தாங்குமா? ஹாட்ஸ்பாட் இல்லாமல் பொது வைஃபையில் உட்கார்ந்தால் அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். கேடிஇ கனெக்ட் 1716ஆம் போர்ட்டில் "யார் இருக்கிறீர்கள்" என்று எல்லோருக்குமாகக் கூவித்தான் ஜோடியைத் தேடும். கூவலே போய்ச் சேராத இடத்தில் அது என்ன செய்யும்? ஐபி முகவரியைக் கையால் கொடுத்தாலும் அங்கே பலன் இல்லை, ஏனென்றால் பாதையே அடைபட்டிருக்கிறது. வீட்டில் சுகமாக ஓடும் ஏற்பாடு வெளியே காலை வாரிவிடுகிறது, நான் கைக்கணினியை எடுத்துப் போவதே வெளியேதான்.

மோடம்காரர்:
புளூடூத் பக்கம்தான் நானும். ஆனால் காம்முவிடம் கொடுத்தால் போய்விடும் என்று ஒரே வரியில் சொன்னது எனக்கு உறுத்துகிறது, அதிலும் தமிழில் எழுதுபவர்களுக்கு.

ஒரு குறுஞ்செய்தியின் வயிறு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் வந்தவுடன் யூசிஎஸ்-2 என்ற குறிமுறைக்கு மாறிவிடும், குறியீடு ஒன்றுக்கு 16 பிட், ஆக 70தான். அந்த 70உம் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு கிடையாது. "நாளை வருகிறேன்" என்று எழுதிப் பாருங்கள். நா, ளை, வ, ரு, கி, றே, ன் என்று ஏழு எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. கருவிக்கு இது 14 குறியீடு, ஏனென்றால் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். இரண்டே சொல்லுக்கு ஐந்தில் ஒரு பங்கு இடம் போய்விட்டது. மோடமை நேரடியாக டெர்மினலில் ஓட்டினால் இந்த 14ஐயும் குறியீட்டுக்கு நான்கு இலக்கம் என்று 56 பதினறும (ஹெக்ஸ்) இலக்கங்களாகத் தட்ட வேண்டும். சில மோடம்கள் பெறுநரின் எண்ணைக்கூட அதே வடிவில்தான் கேட்கும்.

செய்தி 70ஐத் தாண்டினால் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். எத்தனையாவது துண்டு என்ற தலைப்புக்கு 6 பைட் போய்விடுவதால் துண்டுக்கு 67 குறியீடுதான் மிஞ்சும். ஏடியின் எளிய உரை முறையில் அந்தத் தலைப்பைச் சேர்ப்பது சிக்கல், முழுச் செய்தியையும் பைட் பைட்டாக நாமே கட்டும் பிடியு முறைக்குப் போவதுதான் வழக்கம். காம்மு அதையெல்லாம் செய்யும். ஆனால் நாமே இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பெருமைப்படும்போது, வெட்டு சரியாக "றே"க்கு நடுவில் விழும். முதல் துண்டு வெறும் "ற"வில் முடியும், அடுத்த துண்டின் தொடக்கத்தில் ஏகாரக் கொம்பு மட்டும் புள்ளிவட்டத்தோடு அனாதையாக நிற்கும். என் முதல் ஸ்கிரிப்ட் அப்படித்தான் ஒரு நீண்ட செய்தியைச் சிதைத்தது. அதற்கப்புறம் சொந்த ஸ்கிரிப்ட்டை விட்டுவிட்டு காம்முவையே நம்புகிறேன்.

கதிர்விசை:
நீங்கள் சொன்னது அத்தனையும் என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. கேடிஇ கனெக்டில் வெட்டுவதும் ஒட்டுவதும் ஃபோனின் வேலை. கைக்கணினி வாசகத்தை மட்டும் கொடுக்கிறது. 67 எங்கே முடிகிறது என்று கைக்கணினிக்குத் தெரியவே வேண்டாம்.

நிலாமுகில்:
இரண்டு பேரும் இல்லாத பாலத்தைக் கட்டப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நோக்கியாவின் கைக்கணினிக் கதை நினைவிருக்கிறதா? 2005ல் 770, 2007ல் என்800, அதே ஆண்டில் விசைப்பலகையோடு என்810. மூன்றுமே லினக்ஸ், மூன்றிலும் சிம் கிடையாது. ஃபோன் பையில் இருக்கும், புளூடூத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். 2009ல் என்900 வந்தபோது ஃபோனையே உள்ளே வைத்துவிட்டார்கள். ஃபோன் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களே கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். கைக்கணினியில் யுஎஸ்பி மோடம் ஒன்றைச் செருகி, சிம்மை அதில் போட்டு, லினக்ஸில் மோடமைக் கவனிக்கும் மோடம்மேனேஜரிடம் விட்டுவிடுங்கள். ஜோடி சேர்ப்பது, தேடுவது, அறுந்துபோவது எதுவுமே இருக்காது.

பாக்கெட்லினக்ஸ்:
என் எண்ணுக்கு வரும் செய்திதானே எனக்கு வேண்டும்? சிம்மை மோடமுக்கு மாற்றினால் அழைப்பு ஃபோனுக்கு வராது. இன்னொரு சிம் வாங்கினால் அது வேறு எண், எனக்கு எழுதுகிறவர்களுக்கு அது தெரியாது. கையளவுக் கருவியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மோடம் பையில் போடும்போதெல்லாம் இடிக்கும். அந்த நெம்புதலில் யுஎஸ்பி வாய் தளர்ந்துபோவதை ஒருமுறை பட்டாயிற்று, இன்னொருமுறை வேண்டாம்.

நிலாமுகில்:
சரி, எண் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அப்படியானால் வேறு ஒன்று கேட்கிறேன், இதுதான் எனக்கு உண்மையான கவலை. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. ஃபோனுக்குப் பூட்டும் குறியாக்கமும் இருக்கிறது. உங்கள் கைக்கணினியில் வட்டு குறியாக்கப்பட்டிருக்கிறதா? திரையைத் திறந்தவுடன் கடவுச்சொல் கேட்கிறதா? காம்முவின் டீமன் வரும் செய்தியை எல்லாம் கோப்பாகவோ தரவுத்தளத்திலோ எழுதி வைக்கும். தொலைந்துபோன கைக்கணினியை எடுத்தவர் அதை நிதானமாக உட்கார்ந்து படிக்கலாம்.

கதிர்விசை:
இது என் வழிக்கும் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். கைக்கணினி திருடு போனால் ஃபோனில் அதன் இணைப்பை உடனே நீக்கிவிடலாம், அது ஒன்றுதான் ஆறுதல். வங்கிச் செய்திகளுக்குத் தனி வடிகட்டி கேடிஇ கனெக்டின் குறுஞ்செய்திப் பகுதியில் நான் பார்த்ததில்லை. இன்னொரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன், மறைத்து வாதாடப் பிடிக்கவில்லை. ஆர்சிஎஸ் ஆக (இணையம் வழியாகப் போகும் புதுவகைக் குறுஞ்செய்தி) வரும் செய்திகள் இதில் தெரியாது, எஸ்எம்எஸ்ஸும் எம்எம்எஸ்ஸும்தான். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்திப் பகுதியே கிடையாது, ஆப்பிள் அந்த அனுமதியைச் செயலிகளுக்குத் தருவதில்லை.

மோடம்காரர்:
பாக்கெட்லினக்ஸ், உங்கள் கட்சியை நீங்களே பாதியில் விட்டுவிட்டீர்கள். புளூடூத் என்றால் மோடம் மட்டும்தானா? கார்களில் ஃபோனை இணைத்தால் வண்டியின் திரையில் குறுஞ்செய்தி வருகிறதே, அது எப்படி? மேப் என்ற புளூடூத் வசதி, 2009லிருந்து இருக்கிறது. கதிர்விசை சொன்ன அதே ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இதைப் பேசும். தனிச் செயலி எதுவும் ஃபோனில் வேண்டாம். ஜோடி சேர்த்த கருவியின் அமைப்பில் குறுஞ்செய்திக்கு அனுமதி கேட்கும், கொடுத்தால் போதும்.

கைக்கணினிப் பக்கம் புளூஸின் ஓபெக்ஸ் டீமனில் (கருவிகளுக்கிடையே தரவைப் பரிமாறும் பகுதி) மேப் கிளையன்ட் ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸ் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டிபஸ் வழியாகப் பட்டியல் கேட்கலாம், செய்தியை எடுக்கலாம், புதிதாக ஒன்றைத் தள்ளலாம். வாசகம் யூடிஎஃப்-8ல் போகும், 56 இலக்கம் தட்டும் வேலை இல்லை, துண்டு வெட்டுவதை ஃபோன் பார்த்துக்கொள்ளும். ஐஃபோனில் வருவதைப் படிக்கலாம், அனுப்ப முடியாது.

கதிர்விசை:
நல்லது, ஆனால் இதற்கு முகப்பு எங்கே? டிபஸ் அழைப்பைக் கையால் எழுதிப் பதில் போடுவதற்கு ஃபோனையே எடுத்துவிடலாம். சாதாரணமாக ஒருவர் நிறுவிப் பயன்படுத்தும் நிலையில் இருப்பது என் வழிதான்.

பாக்கெட்லினக்ஸ்:
நேற்று இரவு மேப்பை முயன்றேன். ஜோடி சேர்ந்தது, ஃபோனில் அனுமதி கொடுத்தேன், பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு உள்வந்த பெட்டியைக் கேட்டேன். பட்டியல் வந்தது. தமிழ் எழுத்து ஒன்றும் உடையவில்லை. "நாளை வருகிறேன்" என்பதையே என் இன்னொரு எண்ணுக்கு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. வைஃபை இரண்டிலும் அணைத்திருந்தது என்பதைக் கதிர்விசைக்காகக் குறிப்பிடுகிறேன். கைக்கணினி உறங்கி எழுந்தால் இணைப்பு தானாகத் திரும்புவதில்லை, அதை எழுப்பும்போது ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கிறது.

நிலாமுகில் கேட்டதற்கும் பதில்: வட்டு குறியாக்கப்படவில்லை. வாரக் கடைசியில் காப்பெடுத்துவிட்டு முதலில் அதைச் செய்யப்போகிறேன். அதுவரை ஸ்கிரிப்ட் எதையும் வட்டில் எழுதாமல் திரையில் காட்டுவதோடு நிற்கும்.

கதிர்விசை:
உறங்கி எழுந்ததும் இணைப்பு திரும்பும்படி செய்துவிட்டால் அந்த ஸ்கிரிப்ட்டை இங்கே போடுங்கள், நானும் ஓட்டிப் பார்க்கிறேன். வீட்டில் இருக்கும்போது கேடிஇ கனெக்டை நான் விடுவதாக இல்லை.