மூணே வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள திரும்பிடலாமான்னு இருக்கு

மூணாவது_வாரம்:
படிப்புல கட்டாயம்ங்கறதால ஆறு மாச இன்டர்ன்ஷிப்புக்கு வெளிநாடு வந்திருக்கேன். வேலை ஒண்ணும் கஷ்டமில்லை. காலையில நல்லாத்தான் பேசறேன். மதியம் மூணு மணிக்கு மேல அதே பாஷை காதுல வெறும் சத்தமா விழுது. மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சா நானும் சிரிச்சு வைக்கிறேன். நேத்தும் அப்படித்தான் சிரிச்சேன். நிமிர்ந்து பாத்தா, சூப்பர்வைசர் என்கிட்ட ஏதோ கேட்டுட்டு என்னையே பாத்துட்டிருக்கார். இன்னும் கொஞ்சம் சிரிச்சேன். அவரும் தலையாட்டிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார்.

கிளம்பறதுக்கு முன்னாடி காலேஜ்ல ஒரு வகுப்பு எடுத்தாங்க. போர்டுல யூ எழுத்து மாதிரி ஒரு வளைவு. முதல்ல எல்லாம் அழகாத் தெரியும், அப்புறம் சறுக்கும், அப்புறம் மேலே ஏறிடுவீங்கன்னாங்க. எனக்கு அந்த அழகான பகுதியே வரலை. இறங்கின அன்னைக்கே அடிமட்டம். சறுக்கல் இனிமேத்தான்னா நான் எங்க போறது?

ராக்கோழி:
தம்பியோ தங்கச்சியோ தெரியல. ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வீட்டோட போன்ல இருக்கீங்க?

மூணாவது_வாரம்:
ரெண்டு மணி. அவங்க எழுந்திருக்கிற நேரம் அதுதான்.

ராக்கோழி:
அப்ப மதியம் மூணு மணிக்குத் தாய்மொழியே வெறும் சத்தமாத்தான் கேக்கும்.

பழைய_பெஞ்ச்:
அந்த வளைவை ரொம்ப நம்பாதீங்க. 1955ல லிஸ்கார்ட்னு ஒருத்தர், அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரங்களை விசாரிச்சு எழுதினதுல இருந்து கிளம்பினது அது. ஆறு மாசத்துக்குள்ள திரும்பினவங்க நல்லா இருந்தோம்னாங்க, ஆறுல இருந்து பதினெட்டு மாசம் இருந்தவங்கதான் திணறியிருக்காங்க. ஆனா அவங்க வேற, இவங்க வேற. ஒரே ஆளைக் கூடவே இருந்து பாத்து வரைஞ்ச கோடு இல்லை. பின்னாடி கொலீன் வார்டுங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பான் மாணவர்களை, வந்து இறங்கினதுல இருந்து ஒரு வருஷம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாத்தாங்க. 1998ல வெளியான ஆய்வு. மனசு அதிகமா சோர்ந்து கிடந்தது வந்த புதுசுலதான். அதனால உங்க கணக்கு தப்பில்லை, போர்டுல போட்ட படம்தான் அரைகுறை.

சிரிக்கிற பழக்கத்தை மட்டும் இன்னைக்கே விடுங்க. நானும் ஒரு மாசம் சிரிச்சவன்தான். அப்புறம் மீட்டிங் முடிஞ்ச கையோட, "நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான், சரியா?"ன்னு சூப்பர்வைசருக்கு நாலு வரி மெயில் போட ஆரம்பிச்சேன். முதல் மெயில்ல நாலுல மூணு தப்பு. கிழிக்கப் போறாங்கன்னு உக்காந்திருந்தேன். அடுத்த மீட்டிங்குக்கு அந்தம்மா எனக்குன்னே ஒரு தாள்ல பெருசு பெருசா எழுதிட்டு வந்தாங்க. (அந்தக் கையெழுத்தைப் படிக்க ஒரு வாரம் ஆச்சு, அது தனிக் கதை.)

மூணாவது_வாரம்:
மெயில் போட்டேன். நாலுல ரெண்டு தப்பு. நேத்து அவர் கேட்டது என்னன்னும் தெரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வர முடியுமான்னு கேட்டிருக்கார். என் சிரிப்பைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாராம். வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான். பத்து மணிக்கே போனை வச்சுட்டுப் படுக்கப் போறேன்.