மறு: மூதாதைவழி கலந்த மக்களின் மறுசேர்க்கை வீதம் – சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். வெவ்வேறு மூதாதையர் வழிகள் கலந்து வந்த மக்களிடம் மறுசேர்க்கை (மரபணுத் துண்டுகள் இடம் மாறிப் புதிதாகச் சேர்வது) எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதைத் தமிழில் எழுதச் சொற்கள் கேட்டிருந்தீர்கள்; உங்கள் பட்டியலையும் பார்த்தேன்.

‘கலப்பினம்’ வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். மாட்டுக்கும் நெல்லுக்கும் பழகிய சொல்லை மனிதர் மேல் ஒட்டினால் சுருக்கென்று குத்தும். ‘குலவழி’ என்றாலோ நம்மூரில் உடனே சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘மூதாதைவழி கலந்த மக்கள்’ நீளம்தான், பாதகமில்லை. ‘வீதம்’ சரி, ‘விகிதம்’ வேறு கணக்கு.

என் கவலை இன்னொரு சொல்லைப் பற்றியது. 2011இல் ஏறக்குறைய 30,000 ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபணுத் தரவைக் கொண்டு மறுசேர்க்கை வரைபடம் ஒன்று போட்டார்கள். அவர்களில் ஒருவரின் குரோமோசோமை நெடுகப் பார்த்துக்கொண்டே போனால், கொஞ்ச தூரம் மேற்கு ஆப்பிரிக்க மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும். சட்டென்று ஐரோப்பிய மூதாதையுடையதாகிவிடும். இரு வழியும் கலந்த பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் குறுக்கேற்றம் (ஒரு குரோமோசோம் இணை தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்ததன் தடயம் அது. அப்படி 21 லட்சம் தடயங்களை எண்ணித்தான் அந்த வரைபடம் வந்தது. மாறுகிற அந்த இடத்துக்கு என்ன பெயர்?

உங்கள் பட்டியலில் அதற்கு ‘தடமாற்றப் புள்ளி’ என்று படித்ததும் எனக்கு ரயில்தான் ஞாபகம் வந்தது. அப்புறம், ‘புள்ளி’ என்றால் இடம் துல்லியமாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் இரண்டு மரபுக் குறிப்பான்களுக்கு (குரோமோசோமில் இடம் தெரிந்த அடையாளங்களுக்கு) நடுவே எங்கோ என்றுதான் சொல்ல முடிகிறது.

நான் சொல்வது ‘மூட்டு’. புதுக் கைலியை மூட்டிக் கட்டுகிறோமே, அந்த மூட்டு. வேறு வேறு துணியை மூட்டினால் பளிச்சென்று தெரியும். ஒரே துணி என்றால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேயும் அதே கதை: ஆப்பிரிக்க வழித் துண்டுகள் இரண்டு தமக்குள் மாற்றிக்கொண்டால் இந்த முறையில் அகப்படாது. முழங்கால் மூட்டோடு குழம்புமே என்பீர்கள். சரி, ‘மூதாதை மூட்டு’ என்று வைத்துக்கொள்வோம்.

‘hotspot’ என்பதற்குப் பட்டியலில் உள்ள ‘சூடான இடம்’ என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். குறுக்கேற்றம் அடிக்கடி நடக்கும் இடம், அவ்வளவே, ‘செறிவிடம்’ போதும். மேற்கு ஆப்பிரிக்க மூதாதை உள்ளவர்களிடம் மும்முரமாகவும் ஐரோப்பியரிடம் ஏறக்குறைய ஓய்ந்தும் கிடக்கும் செறிவிடங்கள் சுமார் 2,500 அந்த வரைபடத்தில் தெரிந்தன. குறுக்கேற்றம் எங்கே நடக்கும் என்பதில் பங்குள்ள பிஆர்டிஎம்9 (PRDM9) என்ற மரபணுவின் வடிவம் இரு வழியிலும் வேறுபடுவதோடு இது பொருந்தி வருகிறது. சூடு என்று எழுதினால் ஐரோப்பியரிடம் இருப்பதை ‘ஆறிய இடம்’ என்றா எழுதுவது?

‘மூட்டு’க்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். என் கட்டுரையின் நான்காம் பத்தி அதற்காகத்தான் காலியாகக் கிடக்கிறது.