தினமும் சைக்கிள் மிதித்தும் கால் கனக்கிறது, ரெஸ்ட் எடுக்கலாமா?

பெடல்பாண்டி:
வணக்கம். கொஞ்ச நாளாகவே கால் கனமாக இருக்கிறது. முன்பு மூச்சு வாங்காமல் போன ரோட்டில் இப்போது கியரை இறக்கி இறக்கித்தான் போக முடிகிறது. அடுத்த மாதம் 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) வேறு இருக்கிறது, இந்த நேரத்தில் ரெஸ்ட் எடுத்தால் சேர்த்த ஸ்டாமினா எல்லாம் போய்விடுமோ என்று பயம். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை ரைடர்:
எந்த ரூட், வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு தூக்கம்? எதுவுமே சொல்லாமல் கேட்டால் எப்படி தம்பி?

நாகமலையான்:
சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் தொடை சீக்கிரம் சோர்ந்துவிடும், முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும். வலி உண்டா?

பெடல்பாண்டி:
வலி இல்லை. தினமும் காலையில் அழகர்கோவில் போய்த் திரும்புவேன், ஞாயிறு குரூப்போடு மேலூர் தாண்டி. தூக்கம் பரவாயில்லை.

மலைமிதி:
இதை எத்தனை தடவை எழுதுவது? யாரும் தேடிப் படிப்பதில்லை. தினமும் ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் அடிப்பதற்குப் பெயர் பயிற்சி இல்லை. தசையில் எரிபொருளாக இருக்கும் கிளைகோஜன் வற்றிப்போனால், அது திரும்ப நிரம்ப நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். கால் பலமாவதே ஓய்வில்தான். மூன்று வாரம் தூரத்தை ஏற்று, நாலாவது வாரம் பாதியாகக் குறை. ஒரு வாரத்தில் ஸ்டாமினா எங்கும் போகாது. 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம் தருகிறார்கள், ஓட்டத் தெரிந்தவனுக்குத் தாராளம்.

ஒத்தக்கடை ரைடர்:
அண்ணே, புதுசா வந்தவரிடம் கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாமே. தம்பி, காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பாருங்கள். வழக்கத்தைவிட நிமிடத்துக்கு ஏழெட்டு துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்குச் சைக்கிளை எடுக்க வேண்டாம்.

வைகைக்கரை:
எனக்கென்னவோ வெயில்தான் காரணம். சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு விழுகிறதா? வெறும் தண்ணீர் போதாது. வந்ததும் நீச்சத்தண்ணியில் உப்பு போட்டுக் குடித்து, பழைய சோறு சாப்பிடுங்கள்.

மலைமிதி:
பழைய சோற்றில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) வாங்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
அந்த டப்பா விலைக்கு மாசம் முழுக்க முட்டையும் சுண்டலும் வாங்கலாம். ரெண்டு அவித்த முட்டையிலேயே 12 கிராம் புரதம் இருக்கு. நம்ம ஊர்ச் சாப்பாடு என்றாலே உங்களுக்கு இளக்காரம்.

மலைமிதி:
ஊர்ப் பெருமையை வைத்துத் தசை வளராது.

நாகமலையான்:
சாப்பாட்டுச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பாண்டி, ரெஸ்ட் என்றால் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வாருங்கள், போதும். அப்புறம், சமீபத்தில் காய்ச்சல் ஏதும் வந்ததா?

பெடல்பாண்டி:
போன மாசம் டெங்கு வந்தது. சரியாகிவிட்டதே என்று எழுதவில்லை.

ஒத்தக்கடை ரைடர்:
அட, அதை முதலில் சொல்ல வேண்டாமா! டெங்கு போன பிறகும் அசதி வாரக்கணக்கில் இழுக்கும். நாளைக் காலை சைக்கிள் வேண்டாம், டாக்டரைப் பார்த்து ரத்த டெஸ்ட் கொடுங்கள். நெஞ்சு படபடப்பு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். பிஆர்எம் அடுத்த சீசனிலும் வரும்.

பெடல்பாண்டி:
டெஸ்ட் கொடுத்தாச்சு. ஹீமோகுளோபின் குறைவாம், டாக்டர் மாத்திரை தந்திருக்கிறார். பிஆர்எம்முக்குப் போகவில்லை. நன்றி அண்ணே.

வைகைக்கரை:
முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.