வீடியோ மீட்டிங்கில் மௌனம் என்றால் சம்மதமா?

நிலவன்:
நான் நடத்தும் வாராந்திர வீடியோ மீட்டிங்கில் நான்கு நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். திட்டத்தை விளக்கி முடித்ததும் "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பேன். எப்போதும் அதே இருவர்தான் பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. சரி, மௌனம் சம்மதம் என்று வேலையை ஆரம்பித்தால் மறுநாள் தனி மெயில் வருகிறது: "இதில் ஒரு சிக்கல் இருக்கிறது." அதை அங்கேயே சொன்னால் என்ன? அவர்கள் கலாச்சாரமே அப்படியா? எதைப் படித்தால் பிடிபடும்?

ஏட்டுச்சுரை:
எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1976-லேயே எழுதிவிட்டார். சில சமூகங்களில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார்கள். சிலவற்றில் பாதியைச் சூழ்நிலையே சொல்லிவிடும். ஹோஃப்ஸ்டீட் என்ற ஆய்வாளர், ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த சர்வேயை வைத்து நாடுவாரியாக மதிப்பெண்ணே போட்டார். 'அதிகார இடைவெளி', அதாவது மேல்-கீழ் என்ற ஏற்றத்தாழ்வை இயல்பாக ஏற்கும் போக்கு, அதிகமுள்ள நாட்டுக்காரர் மேலதிகாரி முன் மறுத்துப் பேசமாட்டார். அட்டவணையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

இருமொழிக்காரி:
கூட்டங்களில் ஒருவர் பேசப் பேச மொழிபெயர்த்துச் சொல்வது என் பிழைப்பு. அந்த அட்டவணையை ஆள்மேல் ஒட்டாதீர்கள். அது நாட்டின் சராசரி. அதை வைத்து எதிரில் இருப்பவருக்கு ஜோசியம் சொல்லக்கூடாது என்று ஹோஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார்.

2009-இல் 10 மொழிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்தார்கள். சராசரி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மிக வேகமாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில். கடைசியில் வந்த டேனிஷ்கூட அரை விநாடியைத் தாண்டவில்லை. ஜப்பானியர் என்றாலே மௌனம் என்பவர்கள் இதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

ஆனால் அவர்களெல்லாம் சொந்த மொழியில் பேசியவர்கள். உங்கள் ஆட்கள் இன்னொரு மொழியில் கேட்டு, வாக்கியத்தைக் கட்டி, அது முரட்டுத்தனமாகத் தொனிக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நெட் தாமதம் வேறு. நான் அடிக்கடி பார்ப்பது இது: ஓரத்துக் கட்டத்தில் ஒருவர் லேசாக முன்னால் சாய்வார், மூச்சை இழுப்பார், மைக் ஆன் ஆகும். அதற்குள் வேறு யாரோ ஆரம்பித்துவிடுவார்கள். மைக் மறுபடி ஆஃப். கூட்டத்தை நடத்துபவர் தன் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் கவனித்தது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை. 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மீட்டிங்கில் 3 விநாடி சும்மா இருந்து பாருங்கள், யுகமாகத் தெரியும்.

உங்கள் கேள்வியும் சரியில்லை. "ஆட்சேபணை உண்டா?" என்றால் பத்துப் பேர் முன்னால் உங்களை எதிர்க்க ஆள் தேடுவது போல இருக்கிறது. "இந்தத் திட்டத்தில் எந்த இடம் முதலில் சொதப்பும்?" என்று கேளுங்கள். குறை சொல்வதே அப்போது வேலையாகிவிடும். அந்தத் தனி மெயிலை ஏன் குற்றமாகப் பார்க்கிறீர்கள்? சிக்கலைச் சொல்லத்தானே செய்கிறார்கள்! இறுதி முடிவை ஒரு நாள் தள்ளிவையுங்கள், மெயில் வந்து சேரட்டும்.

ஒன்று கேட்கிறேன்: அவர்களுக்கு நீங்கள் சக ஊழியரா, மேலதிகாரியா?

நிலவன்:
மேலாளர். வருடாந்திர மதிப்பீடு எழுதுவதும் நான்தான்.

இருமொழிக்காரி:
அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இதில் பாதிக்குப் பாஸ்போர்ட்டே தேவையில்லை. ஒரே ஊர், ஒரே மொழி என்றாலும் மதிப்பீடு எழுதுபவர் முன்னால் பலர் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். திட்டத்தை நீங்கள் விளக்காதீர்கள், குழுவில் ஒருவர் விளக்கட்டும். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரை:
அப்படியானால் நாட்டு வித்தியாசம் என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருமொழிக்காரி:
இருக்கிறது. ஆனால் யாரிடம் எவ்வளவு என்பதை அவரிடமே கேட்டுவிடலாமே: "எனக்கு மாற்றுக் கருத்து சொல்ல உங்களுக்கு எந்த வழி வசதி?" தனியாக, எழுத்தில்.

கடைசி பெஞ்ச்:
சாட்டில் எழுதச் சொல்வதானால் ஒரு எச்சரிக்கை. முதலில் விழும் கருத்தையே எல்லோரும் வழிமொழிவார்கள். எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த இருவரும் உட்பட.