வெளியிலிருந்து ஆதரவு: ஆட்சி எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி:
யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லையென்றால் ஆட்சி அமைக்க முதலில் யாரை அழைப்பார்கள்? இலாகாக்களை எந்தக் கணக்கில் பிரிப்பார்கள்? சில கட்சிகள் ஆதரவுக் கடிதம் கொடுத்துவிட்டு அமைச்சரவையில் சேராமல் நிற்கின்றனவே, அதில் அவர்களுக்கு என்ன லாபம்?

பதில் 1:
மாநில ஆளுநர்களுக்கு, மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் ஒரு வரிசை சொன்னது. தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி முதலில். அடுத்து, மற்றவர்களின் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி. பிறகு, எல்லோரும் அமைச்சரவையில் சேரும் தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி. சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் இருக்கும் ஏற்பாடு கடைசி. அதன் உறுதி அவ்வளவுதான் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

543 பேர் கொண்ட மக்களவையில் 272 வேண்டும் என்கிறோம். ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்பில் எண்ணப்படுவது வந்து வாக்களித்தவர்களை மட்டுமே. சில எம்.பி.க்கள் அவைக்கு வராமலிருந்தாலே ஆட்சி பிழைக்கும்.

ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேல். 349 இடங்களில் எதிராக 175 வாக்கு விழாதவரை பிரதமர் தேர்வாகிவிடுவார். 2021 நவம்பரில் மக்தலேனா ஆண்டர்சனுக்கு ஆதரவு 117, எதிர்ப்பு 174. 57 பேர் ஒதுங்கி நின்றதால் தேர்வானார். அன்றே எதிர்க்கட்சிகளின் பட்ஜெட் நிறைவேறியது, கூட்டணியிலிருந்த பசுமைக் கட்சி வெளியேறியது, சில மணி நேரத்தில் அவர் பதவி விலகினார். ஐந்து நாளில் தனிக்கட்சி ஆட்சியாகத் திரும்பி வந்தார்.

பதில் 2:
இலாகா எண்ணிக்கை பெரும்பாலும் ஒவ்வொரு கட்சியும் கொண்டுவரும் இடங்களின் விகிதத்தை ஒட்டியே அமையும். சிறிய கட்சிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். உண்மையான பேரம் நிதி, உள்துறை போன்றவற்றில்தான். ஒரு கட்சியின் அமைச்சருக்குக் கீழே இன்னொரு கட்சியின் இணையமைச்சரை வைப்பது பரஸ்பரக் கண்காணிப்புக்கு.

ஒப்பந்தத்தில் பலரும் கோட்டைவிடுவது பணத்தில். திட்டங்களைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், நிதி குறைந்தால் எதை வெட்டுவது என்று எழுதமாட்டார்கள். ஜெர்மனியில் மூன்று கட்சி அரசு 6,000 கோடி யூரோ கடன் அனுமதியை வேறு நிதிக்கு மாற்றியதை 2023 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் பட்ஜெட் சண்டை முற்றி நிதியமைச்சர் நீக்கப்பட்டார், கூட்டணியும் உடைந்தது.

பதில் 3:
லாபம் இதுதான்: ஆட்சியின் கெட்ட பெயரில் பங்கில்லை, கொள்கையில் மட்டும் பிடி உண்டு. 2004இல் காங்கிரஸ் தலைமையிலான அரசை இடதுசாரிகள் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தை வைத்து அப்படித்தான் ஆதரித்தார்கள். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் விலகியபோது, சமாஜ்வாதி கைகொடுத்ததால் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275–256 என்று தப்பியது. அதாவது, வேறொருவர் அந்த இடத்துக்கு வரத் தயாராக இருந்தால் மிரட்டலுக்கு வலு போய்விடும். 1999 ஏப்ரலில் அதிமுக விலகியபோது அப்படிப் போதுமான ஆள் கிடைக்கவில்லை: 269–270, ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் அரசு போனது.

ஆதரவுக் கடிதம் வாங்குபவர்கள் பட்ஜெட்டுக்கும் நம்பிக்கை வாக்குக்கும் ஆதரவு உண்டா என்பதைப் பெயர் சொல்லி எழுதி வாங்க வேண்டும். “பிரச்சினை அடிப்படையில் ஆதரவு” என்ற வரியை நம்பிப் பதவியேற்றால் ஒவ்வொரு மசோதாவுக்கும் புதிதாகப் பேரம் பேச வேண்டியிருக்கும்.