லீட்ஸா, கிளாஸ்கோவா? சரித்திரம் படிக்கப்போகும் பிள்ளைக்கு

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டுக்குப் போன அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் பத்தாவது வரை ஊரில் தமிழ் மீடியம், இப்போது அங்கே ஏ லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) முடிக்கப்போகிறாள். சரித்திரம் படிக்கப் பக்கத்து லீட்ஸிலும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் இடம் வந்திருக்கிறது, எதை எடுப்பது என்பது கேள்வி. நான் ஏப்ரல் லீவுக்கு ஊரில் இருக்கிறேன். அக்காவின் அப்பா வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் என்னைப் பிடித்து, "அதைப் படிச்சுப்போட்டு என்ன வேலைக்குப் போவா?" என்று தனியாக ஒரு கேள்வி வைத்தார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். புதிதாக இங்கிலாந்து போயிருக்கும் மற்ற நம்மூர்க்காரர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

அக்கா, எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு முன்னால், மகளை உள்ளூர் மாணவியாகக் கணக்கு வைப்பார்களா, வெளிநாட்டு மாணவியாகவா என்று பாருங்கள். ஸ்கூல் இலவசமாகக் கிடைத்ததால் காலேஜும் உள்ளூர்க் கட்டணம்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வேலை விசாவைச் சார்ந்து டிபென்டன்டாக இருக்கும் பிள்ளை பெரும்பாலும் வெளிநாட்டுக் கணக்கில்தான் வருவாள். உள்ளூர்க் கட்டணத்துக்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதியும், அதற்கு முந்தைய மூன்று வருடம் அங்கேயே குடியிருந்ததும் வேண்டும். வகுப்பு தொடங்கும் நேரத்தில் என்ன நிலையோ அதுதான் பெரும்பாலும் கடைசி வரைக்கும்.

வித்தியாசம் சின்னதில்லை. 2025-26இல் இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கு உச்சவரம்பு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு இந்த இரண்டு இடத்திலுமே வருடத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல். அந்த வருடம் புதிதாகச் சேரும் நர்ஸின் சம்பளமே வரிக்கு முன் 31,000 பக்கம்தான். அரசுக் கல்விக் கடனும் கிடையாது. ஸ்காட்லாந்தில் படிப்பு இலவசம் என்று யாராவது காதில் போட்டிருப்பார்கள். அது ஸ்காட்லாந்திலேயே குடியிருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பிராட்ஃபோர்டுக்கு அது வராது.

நிரந்தர அனுமதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த அனுமதிக்கு இருந்த ஐந்து வருடக் கணக்கையே நீட்டுவோம் என்று அரசு 2025இல் சொல்லிவிட்டது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் என்ன செய்தார் என்பதை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் கட்டண நிலை பற்றி எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிபென்டன்ட் விசாவிலேயே படித்து முடித்தால், படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசா கிடைக்காது. அது ஸ்டூடன்ட் விசாவில் படித்தவர்களுக்கு மட்டும்.

சரி, படிப்புக்கு வருவோம்.

லீட்ஸில் மூன்று வருடம், கிளாஸ்கோவில் நான்கு. கிளாஸ்கோ 1451இல் தொடங்கியது, பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் பேராசிரியராக இருந்த இடம். அங்கே முதல் பட்டத்துக்கே எம்.ஏ. என்றுதான் பெயர், ஊரில் சொந்தக்காரர்கள் குழம்பாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் வருடம் சரித்திரத்தோடு வேறு பாடங்களும் எடுத்து, இரண்டு வருடம் கழித்துத்தான் எதில் ஆனர்ஸ், அதாவது எது முக்கியப் பாடம் என்று முடிவாகும். தத்துவமா, அரசியலா, சரித்திரமா என்று தடுமாறும் பிள்ளைக்கு அந்த அவகாசம் பெரிய விஷயம். லீட்ஸில் முதல் நாளிலிருந்தே சரித்திரம்தான், ஆனாலும் டிஸ்கவரி மாட்யூல் என்று வெளித்துறைப் பாடம் எடுக்க இடம் உண்டு.

ரேங்க் பட்டியலை மகள் அனுப்பியிருப்பாள். அதை மூடிவையுங்கள். உலகப் பட்டியல்களில் ஆராய்ச்சிக்கும் பெயருக்கும்தான் எடை அதிகம். முதல் வருடப் பிள்ளையின் கட்டுரையை யார் திருத்துகிறார்கள் என்பது அதில் வராது. டிஸ்கவர் யூனி என்ற அரசுத் தளத்தில், கடைசி வருட மாணவர்கள் தங்கள் படிப்பைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பாடவாரியாகப் பார்க்கலாம். அது பரவாயில்லை.

நான் பார்ப்பது மாட்யூல் பட்டியலை. இரண்டு இடத்திலும் இரண்டாம், மூன்றாம் வருடப் பட்டியலைத் திறந்து வைத்து, எதையெல்லாம் படிக்க ஆசை என்று மகளையே டிக் அடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பேனாவைத் தொட வேண்டாம். தெற்காசியா, காலனிய ஆட்சி பற்றி எத்தனை பாடம், அதை நடத்துபவர் லீவில் போகாமல் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். அப்புறம் இடம் கிடைத்தவர்களுக்காக நடத்தும் நாளில் போய் நேரடியாகக் கேளுங்கள்: செமினாரில் எத்தனை பேர்? கட்டுரைக்கு மார்க் மட்டும்தானா, உட்கார்ந்து பேசுவார்களா? ஆய்வுக் கட்டுரை கட்டாயமா? மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். இந்த மாதிரிப் படிப்பில் பல இடங்களில் வாரத்துக்குப் பத்து மணி நேரம் வகுப்பு இருந்தாலே அதிகம், மிச்சம் முழுக்க வாசிப்பு. பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறது என்று முதல் மாதமே சண்டை போடாதீர்கள்.

ஆய்வுக் கட்டுரையை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நம்மூர்ப் பிள்ளைக்கு அங்கேதான் கை ஓங்கும். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுக்கா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் இரண்டும் கேரளாவுக்குள் வந்தன, வீட்டுக்குள் தமிழ் அப்படியே இருந்தது. இந்தக் கதையின் காகிதங்கள் எர்ணாகுளம், கோழிக்கோடு, எழும்பூர் ஆவணக் காப்பகங்களிலும், லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்நாடும் கேரளாவும் தண்ணீரைப் பங்கிடும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது, அதற்கு இன்றைக்கும் அடிபிடிதான். இதில் ஒரு துண்டை எடுத்து எழுத, ஆங்கிலத்தோடு தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிய வேண்டும். வகுப்பில் அப்படி இன்னொருவர் இருப்பது அபூர்வம். மகளுக்கு மலையாளம் தடவும் என்றால் லீவில் ஊருக்கு வரும்போது பேப்பர் வாசிக்கப் பழக்குங்கள். லீட்ஸிலிருந்து லண்டனுக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம் பக்கம்தான், காலையில் போய் இரவு திரும்பலாம். கிளாஸ்கோவிலிருந்து அது முடியாது, ஆனால் எடின்பரோவில் தேசிய நூலகம் ஒரு மணி நேரத்தில். அங்கேயும் இந்தியா பற்றிய பழைய அரசு அறிக்கைகள் நிறைய.

என் முடிவைக் கேட்டால், வெளிநாட்டுக் கட்டணம் என்றால் லீட்ஸ். நான்காம் வருடத்துக்கு இன்னொரு இருபதாயிரமும் வீட்டு வாடகையும் உங்கள் ஒற்றைச் சம்பளத்தில் வேண்டாம். பிராட்ஃபோர்டிலிருந்து லீட்ஸுக்கு ரயில் இருபது நிமிஷம், வீட்டிலிருந்தே போகலாம். நூலகத்தில் இரவு பத்து வரை இருந்துவிட்டு வந்தால் "எங்கே போயிருந்தாய்" என்று வாசலில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். உள்ளூர்க் கட்டணம் கிடைத்து, பிள்ளைக்கும் பாடத்தில் உறுதி இல்லையென்றால் கிளாஸ்கோ.

எதுவானாலும் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் ஒன்றை முதல் தேர்வாகவும் ஒன்றை மாற்றாகவும் வைக்கலாம். முதல் தேர்வு கேட்கும் கிரேடைவிடக் குறைவாகக் கேட்பதை மாற்றாக வைத்தால்தான் ஆகஸ்ட் ரிசல்ட்டில் பிரயோஜனம். பல்கலைக்கழகங்களின் எல்லாப் பதிலும் வந்த பிறகு, உங்கள் தேர்வைச் சொல்லக் கெடு பொதுவாக ஜூன் முதல் வாரம். விட்டால் இடம் தானாகவே போய்விடும்.

அப்பாருக்கு: சரித்திரம் படித்தவர்கள் அங்கே ஒரு வருடப் பயிற்சியோடு ஸ்கூல் வாத்தியார் ஆகலாம், மாற்றுப் படிப்பு ஒன்று முடித்து வக்கீல் தொழிலுக்கும் போகலாம். அரசு அலுவலகம், பத்திரிகை, மியூசியம் எல்லாம் உண்டு. கொடுவாயூரில் கடை வைக்கவும் தடையில்லை என்றேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

முதலமடையிலிருந்து கேட்ட தம்பிக்கு: கேரளா பிளஸ் டூவோடு நேராகப் போவதாக இருந்தால் கணக்கு வேறு. எந்த போர்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் போட்டிருக்கும், சிலர் பட்டப் படிப்புக்கு முன் ஒரு ஃபவுண்டேஷன் வருடம் கேட்பார்கள். பிளஸ் டூ இங்கிலீஷ் மார்க்கைப் பார்த்து ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு தரும் இடங்களும் உண்டு. சேர்க்கைப் பிரிவுக்கு மார்க் லிஸ்டோடு மெயில் போடு, ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவது அப்புறம்.