குதிரையோடு பழகிய அனுபவம்: உங்கள் கதையையும் எழுதுங்கள்

கோண்டாவில் பிள்ளை:

நான் இங்கிலாந்தில் ஒரு கொலிஜில் இரண்டு வருடம் குதிரைப் பராமரிப்புப் படித்தேன். குதிரையேற்றச் சிகிச்சையும் அதில் ஒரு பாடம். "புல்லுப் போடப் பழகவோ இவ்வளவு காசு கட்டினாய்?" என்று அம்மம்மா போனில் கேட்டார். இங்கிருந்து யாராவது இதைப் படிக்க யோசித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு லாயத்தில் நிற்க வேண்டும். சாணம் அள்ளி, வைக்கோல் மாற்றி, தண்ணீர் வைத்த பிறகு ஒவ்வொரு குதிரையாகப் பார்க்க வேண்டும். தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி பிடிபடும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். அடுத்து விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் குடல் இரைச்சலைக் கேட்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுக்குள் போனது மேலே வர வழியில்லை. குடல் சத்தமில்லாமல் கிடந்தால் உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லிவிட வேண்டும்.

குளம்பு துப்புரவாக்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. வால் பக்கம் பார்த்து நின்று, தோளிலிருந்து காலோடு கையைத் தடவிக்கொண்டு இறங்கினால் பழகிய குதிரை தானே காலைத் தூக்கித் தரும். குளம்பின் அடியில் முக்கோணமாக, றப்பர் போல ஒரு பகுதி இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'தவளை' என்று பெயர்! அதில் குத்தாமல், குதியிலிருந்து முன்பக்கமாகக் கொக்கியால் அழுக்கை இழுக்க வேண்டும். அழுகல் பிடித்திருந்தால் கண்ணுக்கு முதல் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சிகிச்சை வகுப்புக்கு மூளைவாதம் உள்ள ஒரு சின்னப் பொடியன் வருவான். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு, தானே நடப்பது போல எல்லாப் பக்கமும் அசையும். நடக்க முடியாத பிள்ளையின் உடம்புக்கு அந்த அசைவு கிடைக்கிறது. இயன்மருத்துவர் பிள்ளையைக் கவனிப்பார், இரண்டு பக்கமும் இருவர் நடப்பார்கள், கயிறு பிடிப்பது நான். ஒரு நாள் வளைவில் சட்டென்று நின்றுவிட்டேன். குதிரையும் அப்படியே நின்றது. பிள்ளை முன்னால் சரிந்து பிடரியில் முகம் குத்தினான். பக்கத்தில் வந்தவர் பிடித்ததால் காயமில்லை. எனக்கு அன்றிரவு நித்திரையே இல்லை. அதன் பிறகு, நிற்க முதல் மூச்சை மெதுவாக வெளியே விட்டு, இரண்டு மூன்று எட்டில் நடையைத் தளர்த்தி நிற்கப் பழகினேன்.

அவனுடைய தாய்க்கு ஆசிரியர் லிஸ் ஹார்ட்டெலைப் பற்றிச் சொன்னார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண். ஆள் தூக்கித்தான் குதிரையில் ஏற்ற வேண்டும். அப்படியிருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். தாய் ஒன்றும் பேசவில்லை, மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். தவணை முடிகிற கிழமை அவன் பிடரிமயிரை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்தபடி ஒரு சுற்று வந்தான்.

சாவகச்சேரி மாணவன்:

அக்கா, நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன். எங்கள் கைக்கு அதிகம் வருவது மாடும் ஆடும் நாயும்தான். குடல் இரைச்சல் கேட்பது பற்றி இன்னும் எழுதுங்கள்.

நெடுந்தீவான்:

தங்கச்சி, எங்கள் நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை நாங்கள் மட்டக்குதிரைகள் என்போம். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியவை என்பார்கள். ஒல்லாந்தர் லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றினால் இவை படும் பாடு பார்க்கச் சகிக்காது. போன கிழமை ஒரு தாய்க்குதிரை குட்டியோடு எங்கள் கல்வேலிக்கு வெளியே வந்து நின்றது. வாளியில் தண்ணீர் வைத்தேன். நான் நின்றவரை கிட்ட வரவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் குடித்தது, முதலில் குட்டியை விட்டு. தாய் முன்காலில் நொண்டுகிறது. எந்தக் கால் என்று எனக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை.

கோண்டாவில் பிள்ளை:

அண்ணா, கிட்டப் போய்க் காலைப் பிடிக்க வேண்டாம், அது பழகாத குதிரை. தூர நின்று தலையைப் பாருங்கள். நோகும் முன்கால் நிலத்தில் படும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். சமதரையில் நடக்கும்போது பக்கவாட்டில் வீடியோ எடுத்து மிருக வைத்தியருக்குக் காட்டுங்கள். வாளியை அதே இடத்தில் அதே நேரத்துக்கு வையுங்கள். சனிக்கிழமை காலை குறிகட்டுவானில் நெடுந்தீவுப் போட் ஏறுகிறேன்.